பழவேற்காடு: பறவைகளும் வாழட்டும், பயணிகளும் வரட்டும்

ஏனாத்தூர், உத்திரமேரூர் வட்டாரத்துக் குடும்பங்களுக்குப் பறவைகள் என்றதும் நினைவுக்கு வருவது வேடந்தாங்கலும் கரிக்கிலியும்தான். விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், ஆறுகளும் கடலும் சந்திக்கும் பழவேற்காட்டிலும் ஒரு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். பழவேற்காடு சரணாலயத்தின் தமிழகப் பகுதி மட்டுமே 150 சதுர கிலோமீட்டருக்கு மேல். இருந்தும், வேடந்தாங்கலை அறிந்த அளவுக்குப் பழவேற்காட்டை நாம் அறியவில்லை. ஓர் இடத்தை மக்கள் அறிந்திருப்பதற்கும் அது காக்கப்படுவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

வேடந்தாங்கல் சொல்லும் பாடம்

வேடந்தாங்கலை முதலில் காத்தவர்கள் அந்த ஊர் விவசாயிகள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று அவர்கள் முறையிட்டதை ஏற்று, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அந்த உரிமையை எழுத்தில் அளித்தார். பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காத ஊர் என்ற பெயர் அதற்கு இன்றும் உண்டு.

2020-இல் இந்தச் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் பாதுகாப்பு எல்லையை மூன்றாகக் குறைக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. தமிழகம் முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அந்த யோசனை கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களில் பலர் சிறு வயதில் பள்ளிச் சுற்றுலாவாக அந்த ஏரிக்கரையில் நின்றவர்கள். நேரில் பார்த்த இடம் பறிபோகிறது என்றால் மனிதர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

பழவேற்காட்டில் என்ன நடக்கிறது?

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தமிழகப் பகுதி 1980-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பருவமழைக்குப் பின் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் உள்ளான்களும் ஆயிரக்கணக்கில் இங்கே வருகின்றன.

இந்த ஏரியின் உயிர் முகத்துவாரத்தில் இருக்கிறது. கடல் நீர் உள்ளே வந்து போனால்தான் இறாலும் மீனும் பெருகும். அவை இருந்தால்தான் பறவைகளுக்கும் மீனவர்களுக்கும் உணவு. மணல் மூடி முகத்துவாரம் அடைபடும்போதெல்லாம் இரு தரப்புக்கும் பட்டினிதான். அதனால்தான் இருபுறமும் கல் சுவர் எழுப்பி வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்று மீனவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து என்ன ஆனது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தை அவர்கள் எதிர்ப்பதற்கும் இந்த அச்சமே காரணம்.

நமக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கோட்டை கட்டுவதற்கு முன்பே முஸ்லிம் வணிகர்கள் இங்கிருந்து துணி ஏற்றுமதி செய்தார்கள். இன்றும் இங்குள்ள முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் கூடைகளும் பெட்டிகளும் முடைகிறார்கள்.

வரவேற்பு என்றால் என்ன?

பயணிகள் இப்போதும் வரத்தான் செய்கிறார்கள். அவர்களை வரவேற்க ஒழுங்கான ஏற்பாடுதான் இல்லை. 2011 டிசம்பர் 25 அன்று, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் பயணிகள் படகுக்குத் தடை வந்தது. தடை வந்தாலும் படகில் போகும் ஆசை போகவில்லை. அனுமதி இல்லாத படகில் பாதுகாப்பும் இருக்காது, பறவைக் கூட்டத்திலிருந்து விலகிப் போகும் கட்டுப்பாடும் இருக்காது.

'ஆட்கள் வந்தால் பறவைகள் கலைந்துவிடும், யாரையும் விடாதீர்கள்' என்று சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இயந்திரப் படகு நெருங்கினால் பூநாரைகள் இரை எடுப்பதை விட்டுப் பறந்துவிடும். ஆனால் யாரும் பார்க்காத சரணாலயம் வரைபடத்தில் வெறும் காலி நிலமாகத் தெரியும். காலி நிலத்துக்குக் கேட்பவர்கள் அதிகம்.

இடைப்பட்ட வழி இருக்கிறது. பயிற்சி பெற்ற உள்ளூர் மீனவர்களுக்கு மட்டும் குறைந்த எண்ணிக்கையில் படகு உரிமம், அனைவருக்கும் உயிர்காப்பு அங்கி, பறவைகளிலிருந்து குறிப்பிட்ட தூரம், கரையில் தொலைநோக்கியுடன் பார்வை மேடை, ஓலைக் கைவினைக்கு விற்பனை இடம். மீன்பிடி இடங்களைத் தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறையைத் தலைமுறைகளாக நடத்திவரும் மீனவர்களுக்குப் படகு முறையை நடத்தத் தெரியாதா? சரணாலய எல்லைக்குள்ளேயே மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. சரணாலயம் அவர்களுக்குக் கட்டுப்பாடு மட்டுமே என்றால் வெறுப்பு வளரும். வேடந்தாங்கல் விவசாயிக்கு ஏரி நீர் போல, பறவைகளால் இவர்களுக்கும் ஒரு வருவாய் இருந்தால் இவர்களே காவலர்கள் ஆவார்கள்.

இந்த ஏற்பாடுகளை அரசுதான் செய்ய வேண்டும். நம் பங்கும் இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான நாட்களில் நம் பள்ளிகளும் மஹல்லா ஜமாஅத்களும் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போகலாம். கரையில் நின்றே பார்க்கலாம். அங்கி இல்லாத படகில் எவ்வளவு அழைத்தாலும் ஏற வேண்டாம். உணவை அந்த ஊரிலேயே வாங்கி, குப்பையை நம்மோடு திருப்பி எடுத்து வரலாம். நாளை அந்த ஏரியின் எல்லையைப் பற்றி ஒரு கோப்பு நகரும்போது, அதைப் பார்த்த பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்க வேண்டும்.