ஊராட்சி போகட்டும், சபை இருக்கட்டும்

மாண்புமிகு நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும் அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கும் ஊரப்பாக்கம், சட்டப்படி இன்னமும் ஒரு கிராமமாகவே இருந்து வருகிற விந்தையைத் தாங்கள் அறிவீர்கள். வடக்கே, 2021 நவம்பரில், ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. தெற்கே நந்திவரம்-கூடுவாஞ்சேரி அதே வருஷத்தில் நகராட்சி ஆயிற்று. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்துப் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டங்களுக்குப் புறப்படுகிற ஜனங்களெல்லாம் எங்கள் எல்லையருகே வந்துதான் பஸ் ஏறுகிறார்கள். நடுவில் அகப்பட்ட நாங்கள் மட்டும் கிராம ஊராட்சி, காட்டாங்குளத்தூர் ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்ற மூன்றடுக்கு ஸ்தாபனத்தின் கீழ் இருக்கிறோம். ஆகையால், இப்பகுதி ஊராட்சிகளை நகர நிர்வாகத்துக்குள் கொண்டுவர வேண்டுமென்று அவ்வப்போது எழுகிற யோசனையை எதிர்க்கும் நோக்கத்துடன் நான் இம்மடலை எழுதவில்லை.

எதிர்ப்பதற்கு நியாயமுமில்லை. ஆதனூர்ப் பக்கத்தில் தோன்றி, மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் வழியாகத் தாம்பரத்தை நோக்கிச் செல்லும் அடையாற்றுக்கு ஊராட்சி எல்லை எது, மாநகராட்சி எல்லை எது என்ற பேதம் கிடையாது என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தே காட்டிவிட்டது. மேலே உள்ளவர் வாய்க்காலைத் தூர்வாரிக் கீழே உள்ளவர் தூர்வாராது விட்டாலும், கீழே உள்ளவர் கரை கட்டி மேலே உள்ளவர் கட்டாது விட்டாலும், சேதம் ஒன்றேதான். பாதாளச் சாக்கடையும், குப்பைக் கிடங்கும், பெரிய குடிநீர்க் குழாயும் தனித்தனி ஊராட்சிகளின் சக்திக்கு அப்பாற்பட்ட காரியங்கள். ஒன்றியம் என்ற நடு அடுக்கு மறைந்து போவதிலும் எனக்கு விசேஷமான வருத்தம் எதுவுமில்லை. அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று எங்கள் தெருவில் கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் வெகு சிலரே.

என் கவலையெல்லாம் அடிமட்ட அடுக்கைப் பற்றியது. 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம், கிராமத்தின் திட்டத்தையும், வரவு செலவையும், தணிக்கை அறிக்கையையும் கிராம சபையின் அங்கீகாரத்துக்கு வைக்க வேண்டுமென்று விதித்திருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அச்சபையின் அங்கத்தினரே. அவரை யாரும் நியமிக்கவும் வேண்டாம், தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். சாமியானாவின் கீழ், பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தவர் உட்கார்ந்தும் கிடைக்காதவர் ஓரமாக நின்றும் நடத்துகிற கூட்டத்தில், தெருவிளக்குச் செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது, "எங்க தெருவுல விளக்கே இல்லையே, எதுக்கு இவ்வளவு?" என்று ஒரு பெண்மணி எழுந்து கேட்டால், அதற்கு அங்கேயே தலைவரோ செயலரோ பதில் சொல்லித் தீரவேண்டும். கிராம சபைகள் எங்கும் இலட்சிய சபைகளாக நடக்கின்றன என்று நான் சொல்லவில்லை; தீர்மானத்தை வாசிக்கு முன்பே நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவிடும் சாமர்த்தியம் தமிழ்நாடு அறியாததன்று. எனினும், சரியாக நடக்காத உரிமை, இல்லாத உரிமையைவிட மேலானது. அதைக் கேட்டுப் பெறவாவது இடமிருக்கிறது.

இச்சந்தர்ப்பத்தில் இங்கிலாந்தில் நடப்பது கவனிக்கத்தக்கது. பள்ளிக்கூடமும் சாலையும் கவுண்டி கவுன்சிலிடம், குப்பையும் வீட்டு வசதியும் மாவட்டக் கவுன்சிலிடம் என்றிருந்த இரண்டடுக்கை ஒழித்து, சுமார் ஐந்து லட்சம் ஜனங்களுக்கு ஒரே கவுன்சில் என்ற ஏற்பாட்டை அந்நாட்டு அரசு 2024 டிசம்பரில் வெள்ளை அறிக்கையாக வெளியிட்டது. சாமர்செட் பிரதேசம் அதற்கு முன்பே, 2023 ஏப்ரலில், இவ்விதம் ஒன்றாகிவிட்டது; அதே வருஷம் நவம்பரில் அந்தப் புதிய கவுன்சில் நிதி நெருக்கடியைப் பிரகடனம் செய்தது. அதற்கு இணைப்பே காரணம் என்பது நியாயமாகாது; முதியோர் முதலியோரின் பராமரிப்புச் செலவே பெரும் பாரமாயிற்று. ஆனால் ஒன்று சேர்த்தாலே பணம் மிச்சமாகும் என்ற நம்பிக்கையோடு கோப்பில் கையெழுத்திடுகிறவர்கள் சற்றே நிதானிக்க அது போதும். முக்கியமான விஷயம் வேறு: அங்கே இரண்டு மேலடுக்குகள் ஒன்றாகும்போதும், அவற்றுக்குக் கீழே கிராமங்களிலும் சிற்றூர்களிலும் உள்ள பாரிஷ் கவுன்சில்கள் கலைக்கப்படுவதில்லை. நாமோ ஒற்றை அடுக்கு நிர்வாகத்துக்குப் போகும்போது முதலில் கலைப்பது கிராம ஊராட்சியையும் அதன் சபையையுமே.

நகரத்தில் வார்டின் பகுதிதோறும் வாக்காளர்கள் கூடும் பகுதி சபை இருக்கிறதே என்று தாங்கள் கூறலாம். வாஸ்தவம். 2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஆயினும் பகுதி சபை குறையைச் சொல்லலாம், யோசனை கூறலாம். மாநகராட்சியின் கணக்கு அதன் அங்கீகாரத்துக்காகக் காத்திருப்பதில்லை. எழுபது வார்டுகள் கொண்ட மாநகராட்சியில் இன்னும் சில வார்டுகளாக நாங்கள் சேர்ந்தால், மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் எந்நேரம் வால்வைத் திறக்க வேண்டுமென்பதற்குக்கூட மண்டல அலுவலகத்தில் மனுக்கொடுக்க வேண்டிவரும் என்ற அச்சம் வீண் கற்பனையல்ல.

ஆதலால், இணைப்பாணை பிறப்பிப்பதற்கு முன்னால், பகுதி சபை விதிகளைத் திருத்தி, ஒவ்வொரு வார்டிலும் செய்த வேலை, செலவான தொகை, தணிக்கைக் குறிப்பு ஆகிய மூன்றும் அந்தந்தச் சபையின் முன் வாசிக்கப்பட்டு அங்கீகாரம் பெறவேண்டுமென்று சேர்க்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆணையின் நகலையும், வீட்டு வரி எவ்வளவு உயரும், தூய்மைக் காவலர்களின் வேலை என்னவாகும் என்ற விவரங்களையும், எங்கள் ஊர்க் கிராம சபையில் அதிகாரி ஒருவர் வந்து தமிழில் படித்துக் காட்டட்டும். கேள்விகள் நிறைய வரும். ஆகவே அவர் அவசரமில்லாத ஒரு நாளாகப் பார்த்து வருவது உத்தமம்.

இங்ஙனம்,
ஊரப்பாக்கத்து வாக்காளன்