தராசின் முள் யார் கையில்?

2025 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் திகதி லண்டனில் நடைபெற்ற குத்துச்சண்டைப் போட்டிக்கு முதல்நாள், பிரித்தானிய வீரர் கிறிஸ் யூபாங்க் ஜூனியர் தராசில் ஏறியபோது அவரது எடை 160.05 இறாத்தலாகக் காணப்பட்டது. ஒப்பந்தப்படி அது 160 இறாத்தலைத் தாண்டியிருக்கக்கூடாது. கூடுதலாக இருந்தது ஏறத்தாழ 23 கிராம். ஒரு மிடறு தண்ணீரின் அளவு. அதற்காக அவர் மீது விதிக்கப்பட்ட அபராதம் 375,000 ஸ்ரேலிங் பவுண். இது போதாதென்று, சண்டை நாளன்று காலையிலும் 170 இறாத்தலைத் தாண்டக்கூடாதென்ற நிபந்தனையும் இருந்தது. கீழ்ப் பிரிவிலிருந்து மேலேறி வந்த கொனர் பென்னைப் பாதுகாப்பதற்கே இவையனைத்தும் எனக் கூறப்பட்டது. யூபாங்க் புள்ளிகள் அடிப்படையில் வென்றார். வென்ற கையோடு வைத்தியசாலையிலும் அனுமதிக்கப்பட்டார்.

எடைப் பிரிவுகள் தோன்றியதன் நோக்கம் யாவரும் அறிந்ததே. பெரியவன் சிறியவனை அடித்து வீழ்த்துவது விளையாட்டாகாது. இன்று தொழில்முறைக் குத்துச்சண்டையில் 105 இறாத்தலில் தொடங்கி எல்லையற்ற அதிபாரப் பிரிவு வரை 17 பிரிவுகள் உள்ளன. இப்பிரிவுகளின் எல்லையைப் பின்பற்றாது, இரு தரப்பினரும் பேசித் தாமாகவே ஓர் எடையை நிர்ணயித்துக் கொள்வதே 'கட்ச்வெய்ட்' எனப்படுகின்றது. இதனை இணக்க எடை எனலாம். அடுத்தடுத்த பிரிவுகளைச் சேர்ந்த இருவர் நடுவழியில் சந்திப்பதற்கு இம்முறை உதவுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. இது இல்லாவிடின் ரசிகர்கள் விரும்பிய பல சண்டைகள் நடைபெற்றே இருக்கமாட்டா. ஆகவே இணக்க எடை என்பதே அநீதி என நாம் வாதிட முன்வரவில்லை. அந்த இணக்கம் எவ்வாறு எட்டப்படுகின்றது என்பதே எமது கேள்வி.

2009 நவம்பரில் லாஸ் வேகாஸில் மனி பக்கியாவோவும் மிகுவெல் கோட்டோவும் மோதினர். புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த கோட்டோ அப்போது உலகக் குத்துச்சண்டை அமைப்பின் 147 இறாத்தல் பிரிவுச் சம்பியன். சண்டையோ 145 இறாத்தலில் நடைபெற்றது. பிலிப்பைன்ஸின் பக்கியாவோ 1998 இல் 112 இறாத்தல் பிரிவில் உலகப் பட்டம் வென்றவர் என்பதால், இரண்டு இறாத்தல் சலுகை கேட்டதில் நியாயமில்லை எனக் கூறிவிட முடியாது. ஆனால் கோட்டோவின் பட்டமும் பணயமாக வைக்கப்பட்டது. 147 இறாத்தல் சம்பியன் 147 இறாத்தல் எடையுடன் நின்று தனது பட்டத்தைக் காக்கும் உரிமை எங்கே போயிற்று? பன்னிரண்டாவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார். பட்டம் கை மாறியது. பக்கியாவோ எவ்வாறாயினும் வென்றிருப்பார் என்பதே எமது எண்ணம். அதனாலேயே அந்த இரண்டு இறாத்தல் மேலும் உறுத்துகின்றது.

இதன் பிற்பகுதிதான் சிந்தனைக்குரியது. 2014 இல் கோட்டோ 160 இறாத்தல் பிரிவுக்கு வந்து, ஆர்ஜென்ரீனாவின் சேர்ஜியோ மார்ட்டினெஸை 159 இறாத்தலில் சந்தித்து உலகக் குத்துச்சண்டைப் பேரவையின் பட்டத்தைப் பறித்தார். இப்போது வசூலைத் தருபவர் அவர். 2015 ஜூனில் அவுஸ்திரேலியாவின் டானியல் கீல் அவருக்குச் சவால் விடுத்தபோது, 160 இறாத்தல் பட்டத்துக்கான அச்சண்டை 157 இறாத்தலில் நடைபெற்றது. ஒரு காலத்தில் தம்மீது சுமத்தப்பட்டதை, கை ஓங்கியவுடன் அவர் இன்னொருவர் மீது சுமத்தினார். கீல் நான்காவது சுற்றில் வீழ்ந்தார்.

மெக்சிக்கோவின் சவுல் அல்வாரெஸின் கதையும் இதுவே. 2013 செப்டெம்பரில் புளொய்ட் மேவெதரைச் சந்திப்பதற்காக, 154 இறாத்தல் பட்டங்கள் பணயத்தில் இருந்தும் அவர் 152 இறாத்தலுக்கு இறங்க வேண்டியதாயிற்று. பின்னர் செல்வாக்கு அவர் பக்கம் சாய்ந்தது. கோட்டோவை 155 இறாத்தலில் வென்றார். 2016 மே மாதத்தில் 147 இறாத்தல் பிரிவிலிருந்து வந்த பிரித்தானியாவின் அமீர் கானையும் அதே 155 இறாத்தலில் எதிர்கொண்டு ஆறாவது சுற்றில் மயங்கி விழச் செய்தார். 160 இறாத்தல் பிரிவின் சம்பியன் 155 இறாத்தலுக்கு மேல் எவரையும் சந்திக்காததால், அதற்குக் 'கனெலோ எடை' என்றே ரசிகர்கள் பெயர் சூட்டினர். கசக்ஸ்தானின் கென்னடி கொலொவ்கினைச் சந்திக்குமாறு பேரவை வற்புறுத்தியபோது, அல்வாரெஸ் பட்டத்தையே துறந்தார். 2017 செப்டெம்பரில்தான் அவ்விருவரும் முழு 160 இறாத்தலில் மோதினர்.

அபராதமும் எல்லோரையும் ஒரே விதமாகக் கட்டுப்படுத்துவதில்லை. 2009 இல் ஜுவான் மனுவெல் மார்க்கெஸுடனான சண்டைக்கு 144 இறாத்தல் என இணங்கிய மேவெதர், 146 இறாத்தலுடன் வந்து 600,000 டொலரைக் கொடுத்துவிட்டு வளையத்துள் ஏறினார். வசதியுள்ளவருக்கு அது அபராதமல்ல, அனுமதிச் சீட்டு.

இவையெல்லாம் பட்டத்தையும் பணத்தையும் பற்றியவை. உயிர் பற்றிய பகுதி வேறு. எடை நிறுக்கப்படுவது சண்டைக்கு முதல்நாள். வீரர்கள் உடலிலுள்ள நீரை வற்றச் செய்து தராசில் ஏறி, மறுநாளைக்குள் மீண்டும் பருத்துவிடுகின்றனர். 2000 பெப்ரவரியில் நியூயோர்க்கில் ஆர்ட்டுரோ கற்றிக்கும் ஜோய் கமாஷுக்கும் இடையிலான சண்டைக்கு 141 இறாத்தல் என எழுதப்பட்டிருந்தது. சண்டையன்று கற்றியின் எடை சுமார் 160 இறாத்தல், கமாஷின் எடை 145 எனக் கூறப்பட்டது. இரண்டாவது சுற்றில் நினைவிழந்து வீழ்ந்த கமாஷ் மூளைப் பாதிப்புக்குள்ளாகி, மீண்டும் வளையத்துக்குத் திரும்பவேயில்லை. முதல்நாள் நிறுவையில் மாநில ஆணைக்குழு கவனயீனமாக நடந்துகொண்டதென 2010 இல் நீதிமன்றம் கண்டறிந்தபோதிலும் அவருக்கு நட்டஈடு கிடைக்கவில்லை.

நீரிழப்பின் ஆபத்து பெருத்து வருபவரின் எதிராளிக்கு மட்டுமன்று. நீர் வற்றிய உடலின் மூளை அடியைத் தாங்கும் திறனை இழக்கக்கூடும் என மருத்துவர்கள் நெடுங்காலமாகவே எச்சரித்து வருகின்றனர். யூபாங்க் மீது விதிக்கப்பட்டது போன்ற மறுநாள் எல்லை, கமாஷுக்கு நேர்ந்ததைத் தடுக்கும் மருந்து போலவே தோன்றும். ஆனால் அதை எழுதியது மருத்துவரல்லர்; பேரம் பேசிய தரப்பினர். ஆகையால் அதே நிபந்தனை பெரியவரை வேண்டுமென்றே பலவீனப்படுத்தும் ஆயுதமாகவும் மாறிவிடுகின்றது.

மறுநாள் நிறுவையை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துப் போட்டிகளைக் கண்காணிக்கும் ஆணைக்குழுக்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு. கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் வீரர்கள் மிதமிஞ்சி எடை குறைப்பதைக் கட்டுப்படுத்த கலிபோர்னியா ஆணைக்குழு 2017 இல் நடவடிக்கை எடுத்தபோது, சண்டையன்று 10 வீதத்துக்கு மேல் பருத்து வருவோரை மேல் பிரிவுக்குச் செல்லுமாறு பரிந்துரைக்கும் முறையைக் கொண்டுவந்தது. குத்துச்சண்டைக்கு இதனைக் கடைப்பிடிப்பதில் தொழில்நுட்பத் தடை எதுவுமில்லை. இணக்க எடையில் நடைபெறும் சண்டைகளைப் பொறுத்தவரை, இருவரும் விரும்பினால் தாராளமாக மோதட்டும். ஆனால் அதில் உலகப் பட்டத்தைப் பணயம் வைக்க எந்த அமைப்பும் அங்கீகாரம் வழங்கக்கூடாது. அவ்வாறு வழங்கும் ஒவ்வொரு முறையும் அந்த அமைப்புகள் அங்கீகாரக் கட்டணம் பெறுகின்றன என்பதையும் இங்கு குறிப்பிட்டாக வேண்டும்.