ஏரிக்கரைக்குப் போனால் முதலில் பலகையைப் படியுங்கள்!

பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்தால், கோடையில் அங்கே போகிற அப்பா அம்மாவை ஒரு சனி, ஞாயிறாவது ஏரிக்கரைக்கு அழைத்துப் போகாமல் விடமாட்டார்கள். சான்பிரான்சிஸ்கோ பக்கம் இருப்பவர்களுக்கு அப்படி ஓர் இடம், வடக்கே காரில் மூன்று மணி நேரம் போல ஆகும் லேக் கவுண்டி. பேரே ‘ஏரி மாவட்டம்’தான்! அங்குள்ள கிளியர் லேக், முழுக்க கலிபோர்னியாவுக்குள்ளேயே அடங்கிய இயற்கை நன்னீர் ஏரிகளில் மிகப் பெரியது. கரையில் அரசாங்கப் பூங்கா, கூடாரம் போட இடம், மரத்தடியில் மேஜை, பெஞ்சு... புளியோதரை டப்பாவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி!

என்னைக் கேட்டால், அங்கே இருக்கிற வசதிகளிலேயே பெரிய வசதி, தண்ணீர் ஓரத்தில் வைக்கும் எச்சரிக்கைப் பலகைதான்.

‘தெளிந்த ஏரி’ என்று பேர் வைத்த புண்ணியவான் அதைக் கோடையில் பார்த்திருக்க மாட்டார். ஆழம் அதிகமில்லை; வெயில்; சுற்றுவட்டார மண்ணோடு வந்து சேரும் பாஸ்பரஸ் வேறு. நீலப்பச்சைப் பாசி கொழுத்து வளர்கிறது. (பாசி என்கிறோமே தவிர, அது பாக்டீரியா.) அதில் சில வகைகள் விஷத்தைச் சுரக்கும். அரிப்பு, கண் எரிச்சல், வாந்தி, பேதி வரலாம். மைக்ரோசிஸ்டின் என்கிற விஷம் கல்லீரலையே தாக்கும். குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். எடை குறைவு, விளையாடும்போது தண்ணீரையும் விழுங்கிவிடுவார்களே!

கலிபோர்னியாவில் பலகை மூன்று படி. ஒரு லிட்டரில் மைக்ரோசிஸ்டின் 0.8 மைக்ரோகிராம் வந்தாலே ‘கவனம்’. 6 வந்தால் ‘எச்சரிக்கை’: நீந்தக் கூடாது. 20 வந்தால் ‘அபாயம்’: தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது.

நம்ம ஆட்களோ, “காலை நனைச்சா என்ன ஆயிடும்?” என்பார்கள். இன்னும் சிலர், “கொதிக்க வெச்சா எல்லாம் சரியாயிடும்” என்று அதிலேயே காபி போடப் பார்ப்பார்கள். கொதித்தால் இந்த விஷம் போகாது. பாக்டீரியா உடைந்து, உள்ளே இருக்கிற விஷமும் தண்ணீரில் கலந்துவிடும்.

‘சீசனில் இப்படிப் பயமுறுத்தினால் யார் வருவார்கள்?’ என்று கேட்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று இதே ஏரியில் முன்பு ஒன்று செய்தார்கள். கொசு மாதிரி ஒரு பூச்சி. கடிக்காது, கூட்டமாக மொய்க்கும், அவ்வளவுதான். அதை ஒழிக்க 1949, 1954, 1957 என்று மூன்று முறை டி.டி.டி. இனத்து மருந்தை ஏரியில் கலந்தார்கள். முதல் முறை, ஏழு கோடி பங்கு தண்ணீருக்கு ஒரே ஒரு பங்கு! அந்தத் துளியும் நுண்ணுயிர், மீன், பறவை என்று ஏற ஏறச் சேர்ந்துகொண்டே போனது. கிரீப் என்கிற நீர்ப்பறவைகள் நூற்றுக்கு மேல் செத்து மிதந்தன. ரேச்சல் கார்சன் 1962-ல் இதைப் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். பலகையைப் பார்த்து நாலு குடும்பம் திரும்பிப் போவது இதைவிட எவ்வளவோ தேவலை.

குடிக்க, கை கழுவ வீட்டிலிருந்தே தண்ணீர் எடுத்துப் போங்கள். பலகை வேண்டாமென்றால் குழந்தைகள் புல்வெளியில் ஓடட்டும். இன்னொன்று, மீன். ஏரிக்கரையில் பழைய பாதரசச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. 1990-ல் மத்திய அரசின் துப்புரவுப் பட்டியலில் ஏறியது. பாஸ் மாதிரி பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் சேரும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அது வேண்டாம். பேரன் பெரிய மீனாகப் பிடித்துவிட்டானா? கையில் கொடுத்து ஒரு போட்டோ எடுங்கள், திரும்ப ஏரியிலேயே விடச் சொல்லுங்கள்.