வயிறு ஒத்துக்கொள்ளாத நாய்க்குப் பச்சைக்கறி: எங்கள் நிலைப்பாடு

அடிக்கடி வாந்தி எடுக்கிற, கழிச்சல் போகிற நாய்க்குப் பச்சைக்கறியை மருந்தாகவும் கொடுக்கக் கூடாது, அன்றாட உணவாகவும் கொடுக்கக் கூடாது. கால்நடை மருத்துவர்களும் நாய் வளர்ப்பவர்களும் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான். கறியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, வேகவைத்துக் கொடுங்கள் என்கிறோம். அதற்கும் முன்னால், வயிறு ஏன் கெடுகிறது என்று பாருங்கள் என்கிறோம்.

பச்சைக்கறிக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் நாய்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். பாக்கெட் உணவை மாற்றி மாற்றிப் பார்த்து, தயிர்சோறு கொடுத்துப் பார்த்து, மாத்திரை வாங்கிக் களைத்த பிறகுதான் இதற்கு வருகிறார்கள். மூட்டையில் வரும் உணவில் என்ன கலந்திருக்கிறதோ என்ற அவர்களுடைய கவலையை நாங்கள் மதிக்கிறோம். 1993இல் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட் எழுதிய நூலுக்குப் பிறகு, பச்சைக்கறியும் எலும்பும்தான் நாயின் இயற்கை உணவு என்ற கருத்து பல நாடுகளில் பரவியது. நம் ஊருக்கும் அது வந்து சேர்ந்திருக்கிறது.

மாறிய சில நாட்களில் மலம் இறுகி, அளவும் குறைந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். அது உண்மைதான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் காரணத்தைப் பார்க்க வேண்டும். ஒத்துக்கொள்ளாத பழைய உணவு நின்றுபோயிருக்கும். மாவும் நாரும் குறைந்திருக்கும். எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து மலத்தை இறுக்கியிருக்கும். இவற்றில் எதற்கும் கறி பச்சையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பதமாக வேகவைத்த கறியும் நாய்க்கு நன்றாகவே செரிக்கிறது.

ஓநாயின் வழிவந்தது நாய், அதனால் பச்சைக்கறிதான் அதற்கு உகந்தது என்ற வாதமும் அரைகுறையானது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள்தான். நாய்க்கு 4 முதல் 30 வரை இருப்பதாக 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. மனிதர் வீட்டு வாசலில் சோறும் கூழும் தின்று வளர்ந்த காலம் நாயின் உடம்பையே மாற்றியிருக்கிறது. தெருநாய் பச்சையாகத்தானே தின்கிறது என்றும் கேட்கிறார்கள். நம் கண்ணில் படுவது பிழைத்த நாய்கள் மட்டும்தான். வயிற்றுப்போக்கிலும் புழுத்தொல்லையிலும் செத்த குட்டிகள் யார் கணக்கிலும் வருவதில்லை.

கிருமி விஷயத்துக்கு வருவோம். 2018இல் நெதர்லாந்தில், கடைகளில் விற்கும் 35 உறைந்த பச்சைக்கறிப் பொட்டலங்களைச் சோதித்தார்கள். 28இல் பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத ஈ.கோலை இருந்தது. 19இல் லிஸ்டீரியா, 7இல் சால்மோனெல்லா. கறியைக் குளிரூட்டியே கொண்டுசெல்லும் ஒரு நாட்டின் நிலவரம் இது. நம் கோழிக்கடையில் ஒரே மரக்கட்டைமேல் நாள் முழுக்கக் கறி வெட்டுகிறார்கள். கழுத்து, கால், தோல் எல்லாம் ‘வேஸ்ட்’ என்று ஒரே வாளியில் வெயிலில் கிடக்கும். நாய்க்கென்று மலிவாக வாங்குவது பெரும்பாலும் அதைத்தான். கண்ணெதிரே வெட்டிய கோழி, சுத்தமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை தவறானது. சால்மோனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் கோழி உயிரோடு இருக்கும்போதே அதன் குடலில் வாழ்பவை, வெட்டும்போது கறியில் ஒட்டிக்கொள்கின்றன. ஃப்ரீசரில் வைத்தாலும் அவை முழுதாகச் சாவதில்லை. மஞ்சள் தடவினாலும் அப்படித்தான்.

நாயின் வயிற்று அமிலம் இதையெல்லாம் கொன்றுவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வயிறு கெட்ட நாய்கள் பலவற்றுக்கு ஏற்கெனவே பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை போய்க்கொண்டிருக்கிறது. நாள்பட்ட குடல் அழற்சி என்றால் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் பிரெட்னிசலோனும் சேர்ந்திருக்கும். கிருமியைத் தடுக்கும் அரண்கள் இரண்டும் தளர்ந்திருக்கும் நாய்க்கா கிருமியுள்ள கறியைக் கொடுப்பது? இன்னொன்று: பச்சைக் கோழிக்கழுத்து தின்னும் நாய்களுக்கு, கால்கள் வலுவிழந்து உடம்பே முடங்கிப்போகும் நரம்பு அழற்சி வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2018இல் தெரிவித்தது. கேம்பைலோபாக்டர் கிருமியோடு அதற்குத் தொடர்பிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

நாய்க்கு ஒன்றும் ஆகாமலே, அதன் மலத்திலும் எச்சிலிலும் இந்தக் கிருமிகள் வீட்டுக்குள் வரலாம். ஆடுமாடுகளின் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகப் போடுவது அதைவிட மோசம். அவற்றிலுள்ள நீர்க்கட்டிகளைத் தின்ற நாயின் குடலில் எக்கினோகாக்கஸ் என்ற சிறு நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டை மனிதர் வாய்க்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி உண்டாகி, அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகும். நாயோடு விளையாடிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் குழந்தைதான் இதில் முதலில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இலேயே பச்சைக்கறி வேண்டாம் என்று கொள்கை அறிவித்தது. உலகச் சிறு விலங்கு மருத்துவச் சங்கத்தின் ஊட்டச்சத்துக் குழுவும் அதையே சொல்கிறது.

வயிறு ஒத்துக்கொள்ளாதது ஒரு நோயின் பெயரன்று, அறிகுறி. குடற்புழு, ஜியார்டியா, உண்ணிக் காய்ச்சல், கணைய அழற்சி, உணவு ஒவ்வாமை என்று எதுவும் பின்னால் இருக்கலாம். மலப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் பாதி விடையைத் தந்துவிடும். ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தால், நாய் இதுவரை தின்றிராத ஒரே வகைக் கறி, ஒரே வகை மாவுப்பொருள் என்று 8 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட்கூட ஆகாது. நாய்களுக்கு அதிகம் ஒவ்வாத உணவுகளில் மாட்டிறைச்சி, பால்பொருட்கள், கோழி மூன்றும் முன்னால் நிற்கின்றன. கோழி ஒவ்வாத நாய்க்கு அதையே பச்சையாகக் கொடுத்தால் தொல்லை தீரப்போவதில்லை.

வயிறு கலங்கிய சில நாட்களுக்குத் தோல் நீக்கிய கோழிக்கறியைக் குழைந்த சோற்றோடு கொடுக்கலாம். கறியின் உட்புறம் 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும். உப்பு, மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. வேகவைத்த நீரில் சத்து இறங்கியிருக்கும், கொழுப்பை எடுத்துவிட்டு அதையும் சோற்றில் ஊற்றுங்கள். எலும்பை எடுத்துவிடுங்கள், வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். இதையே மாதக்கணக்கில் தொடர முடியாது. எலும்பில்லாத கறியிலும் சோற்றிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, வளரும் குட்டிக்கு எலும்பு வளைந்துவிடும். வீட்டுச் சமையலே நிரந்தரம் என்றால் மருத்துவரிடம் அளவு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விதிவிலக்கை ஏற்கிறோம். கணையம் நொதி சுரக்காத நாய்க்கு, நொதித் தூள் கிடைக்காதபோது, பச்சைக் கணையத்தை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. வேகவைத்தால் நொதி அழிந்துவிடும் என்பதால் அங்கே வேறு வழியில்லை.

எங்கள் சொல்லைக் கேட்ட பிறகும் பச்சைக்கறியைத் தொடர்கிறவர்கள், கைக்குழந்தையோ கர்ப்பிணியோ முதியவரோ புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ இருக்கும் வீட்டிலாவது அதை நிறுத்திவிடுங்கள். உங்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மருத்துவர்களும் அவர்களைக் கடிந்துகொள்ளாமல் உட்கார வைத்துப் பேச வேண்டும், திட்டினால் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பச்சைக்கறி விற்பவர்கள், வயிற்றுக் கோளாறு தீரும் என்று வாக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டும்.

குட்டி நாய் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகச் சோர்ந்து கிடந்தால் அது பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.