பெட்டியில் எழுதியிருக்கும் கிலோவை மட்டும் நம்பி ட்ரைபோட் ஹெட் வாங்காதீர்கள்



கெமரா வாங்க மூன்று மாதம் யோசிக்கிறோம். லென்ஸ் வாங்க நாலு பேரிடம் விசாரிக்கிறோம். ட்ரைபோட் என்று வந்தால் மட்டும் "இருக்கிறதில் மலிவானதைத் தாங்க" என்கிறோம். அதன் உச்சியில் கெமராவைப் பிடித்து நிற்கும் ஹெட்டைப் பற்றி பேச்சே இல்லை.

இது நாம் எல்லோரும் பேச வேண்டிய விடயம். பாடசாலை ஊடகக் கழகங்களுக்கு பழைய மாணவர்கள் சேர்த்துக் கொடுக்கும் காசில் பெரிய கெமராக்கள் வருகின்றன. கலியாண வீடுகளிலும் வலீமாக்களிலும் உழைக்கும் தம்பிமார் கடன்பட்டு வாங்குகிறார்கள். ஒன்று ஊரின் அமானிதம், மற்றது ஒரு குடும்பத்தின் சோறு. இரண்டும் ஒரு சின்னப் பூட்டின் பிடியில்தான் நிற்கின்றன.

ஒரு கணக்குப் பார்ப்போம். நிக்கோன் 200-500 மி.மீ. லென்ஸ் 2.3 கிலோ. டி500 கெமரா 860 கிராம். இரண்டும் சேர்ந்தால் 3 கிலோவுக்கும் மேல். "5 கிலோ தாங்கும்" என்று எழுதிய ஹெட் போதும்தானே? போதாது.

தரம் 10 விஞ்ஞானத்தில் விசையின் திரும்பல் விளைவு என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் இலேசு, கையை நீட்டிப் பிடித்தால் தோள் நோகும். வாளியின் நிறை மாறவில்லை, தூரம்தான் மாறியது. நீண்ட லென்ஸைச் சாய்க்கும்போது ஹெட்டுக்கும் அதுதான் நடக்கிறது. பெட்டியில் உள்ள எண்ணை அளக்க எல்லாக் கம்பனிகளும் ஏற்ற ஒரே முறையும் கிடையாது. ஆகவே எமது சாமானின் நிறையைப் போல இரண்டு மடங்காவது, முடிந்தால் மூன்று மடங்கு தாங்கும் ஹெட்டைத் தேடுவதுதான் புத்தி.

நிறைக்கு அடுத்தது, வேலை என்ன என்று பார்ப்பது.

வங்காலைக்கு வரும் பூநாரைகளையும் குமணவின் பறவைகளையும் நீண்ட லென்ஸில் எடுப்பவர்களுக்கு கிம்பல் ஹெட். சமநிலைப்படுத்திப் பூட்டினால் எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் லென்ஸ் அப்படியே நிற்கும். உருண்டை வைத்த போல் ஹெட்டில், பூட்டைத் தளர்த்திய நொடியில் பாரமான லென்ஸ் பக்கவாட்டில் சரியும். சில வேளை ட்ரைபோட்டையும் இழுத்துக்கொண்டு விழும்.

விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா வீடியோவுக்கு ஃப்ளூயிட் ஹெட். கெமரா அதிராமல் மெதுவாகத் திரும்பும். உள்ளே உள்ள ஸ்பிரிங் எத்தனை கிலோவில் இருந்து எத்தனை கிலோ வரை சமன் செய்யும் என்று கேளுங்கள். கெமரா அந்த அளவை விட இலேசு என்றாலும் சரிவராது, முகத்தைத் தூக்கும்.

அசையாத குழுப்படங்களுக்கு பெரிய உருண்டை உள்ள நல்ல போல் ஹெட் போதும்.

எந்த ஹெட் என்றாலும், பெரிய லென்ஸ் என்றால் கெமராவின் அடியில் பூட்டாமல் லென்ஸின் காலில் பூட்டுங்கள். நீண்ட ப்ளேட் போட்டு, அது வழுக்கி விழாமல் முனையில் தடுப்பு ஸ்குரூவும் இருக்கட்டும். ட்ரைபோட்டின் ஒரு கால் லென்ஸ் பார்க்கும் திசையில் நிற்கட்டும். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். கால்கள் மெலிந்தவை என்றால் நல்ல ஹெட்டும் உதவாது.

கடைக்குப் போகும்போது சொந்தக் கெமராவையும் லென்ஸையும் கொண்டுபோங்கள். பூட்டி, 45 பாகை சாய்த்து, இறுக்கி, கீழே கையை வைத்துக்கொண்டு மெதுவாக விடுங்கள். லென்ஸின் முனை சிறிது சிறிதாகத் தாழ்ந்தால் அந்த ஹெட் வேண்டாம்.

"அதற்கெல்லாம் காசு எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எமது பதில்: காசு குறைவென்றால் ஒரு படி சிறிய லென்ஸை வாங்குவோம், ஹெட்டில் குறைக்க வேண்டாம். கெமரா சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல ஹெட் அடுத்தடுத்த கெமராக்களுக்கும் உழைக்கும். பக்கத்துப் பாடசாலைகள் இரண்டு சேர்ந்து ஒரு கிம்பல் ஹெட்டை மாறி மாறிப் பாவிக்கலாம்.

காசுக்கும் மேலே இன்னொன்று இருக்கிறது. மைதானத்தில் ட்ரைபோட்டைச் சுற்றி ஓடித்திரிவது எமது பிள்ளைகள். 3 கிலோ இரும்பும் கண்ணாடியும் அவர்கள் தலை உயரத்துக்கு மேலே நிற்கிறது.

ஆகவே கொடை கொடுக்கும் சகோதரர்களே, கெமராவுக்கான விலைமனு மேசைக்கு வரும்போது ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "இதைத் தாங்கப்போகும் ஹெட் எது?" அந்த வரி விலைமனுவில் இல்லையென்றால், சேர்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.