தடித்த எழுத்தில் ஓர் எண்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

ரத்தப் பரிசோதனை முடிவு இன்று பல வீடுகளில் மருத்துவரின் கைக்குப் போகும் முன்பே வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறது. இரண்டு மூன்று எண்கள் தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்தில் ‘கூடுதல்’ அல்லது ‘குறைவு’ என்பதற்கான ஓர் ஆங்கில எழுத்து. அதற்கு என்ன பொருள் என்று பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. அந்த விளக்கத்தைத் தமிழில் அச்சிட்டே ஆக வேண்டும் என்று ஆய்வகங்களுக்கு விதி செய்யுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

‘இயல்பு அளவு’ என்பது நோய்க்கும் நலத்துக்கும் நடுவே போட்ட கோடு என்று நாம் நினைக்கிறோம். சர்க்கரை, கொழுப்பு போன்ற சிலவற்றுக்கு அது ஓரளவு பொருந்தும். மற்ற பலவற்றில், ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தைச் சோதித்து, நடுவில் விழும் 95 சதவீதத்தினரின் எண்களையே எல்லையாக வைக்கிறார்கள். மீதி 5 சதவீதம் பேர் ஒரு நோயும் இல்லாமலே எல்லைக்கு வெளியே நிற்பவர்கள். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை நல்ல உடம்புக்காரர் ஒருவருக்குச் செய்தால், ஒன்றாவது வெளியே விழ 64 சதவீதம் வாய்ப்பு உண்டு. பல சோதனைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் நடைமுறையில் இது சற்றுக் குறையும். ஆனால் ஆடித் தள்ளுபடி போல அறுபது எழுபது சோதனைகளைச் சேர்த்து விற்கும் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’பில் தடித்த எண் ஒன்றுகூட இல்லாமல் வந்தால் அதுதான் ஆச்சரியம்.

எண்ணே பிழையாக இருப்பதும் உண்டு. சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போல் இருபது மடங்குக்கும் மேல். ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ அணுக்கள் உடைந்தால், உடம்பில் ஏறாத பொட்டாசியம் தாளில் ஏறிவிடும். டெங்கு காலத்தில் ஊரே பேசும் பிளேட்லெட் என்ற தட்டணுக்களுக்கும் இதே கதி. ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு, குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்தே தட்டணுக்களை ஒட்டிக்கொள்ளச் செய்கிறது. இயந்திரம் குறைத்து எண்ணுகிறது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைப் பரப்பி நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எண் சரியாகவே இருந்தாலும், பித்த நிறமியான பிலிருபின் சற்றே கூடியிருக்கும் இன்னொருவருக்கு இருப்பது, பிறவியிலேயே அமைந்த, சிகிச்சை தேவைப்படாத கில்பர்ட் இயல்பாக இருக்கலாம். விளக்கமில்லாத தாளைப் பார்த்து அவர் காமாலை என்று பயந்து கீழாநெல்லியைத் தேடிப் போகிறார்.

விளக்கம் தந்தால் மக்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்று மருத்துவர்கள் சிலர் அஞ்சலாம். அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இப்போதைய தாள்தான் அலட்சியத்தை வளர்க்கிறது. எல்லையைத் தொட்டுவிட்ட 5.2 பொட்டாசியத்துக்கும், உயிருக்கு உலைவைக்கும் 7-க்கும் அதில் ஒரே அடையாளம். உடனே தொலைபேசியில் சொல்லியாக வேண்டிய ஆபத்து அளவுகள் என்ற கருத்தை அமெரிக்க நோயியல் மருத்துவர் லண்ட்பெர்க் 1972-லேயே முன்வைத்தார். அந்த அளவுகளைத் தனியே குறித்தால், பயப்பட வேண்டியவர் பயப்படுவார், மற்றவர் மறுசோதனைக்குப் போவார். விளக்குவது மருத்துவர் வேலை அல்லவா என்றால், ஆம். ஆனால் மருத்துவர் சீட்டே இல்லாமல் சோதனையை விற்ற பிறகு அந்த மருத்துவர் எங்கே இருக்கிறார்? செலவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தாளின் அடியில் நான்கு வரி.

மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் 2018-இல் வந்த விதிகளும் உங்கள் துறையின் கையில் இருக்கின்றன. அவற்றில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டுகிறேன்: அதே ஆய்வகத்தில் முன்பு சோதித்தவருக்குப் பழைய எண்ணையும் பக்கத்தில் அச்சிட வேண்டும். ஆண்டுதோறும் 15-ஆக இருந்த ஓர் ஆணின் ஹீமோகுளோபின் 13.1-க்கு இறங்கினால், 13 என்ற எல்லைக்குள் இருப்பதால் எந்த எழுத்தும் தடிக்காது. குடலில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டியவர் அவர்தான்.