யார் பட்ட கடன்?

வடசென்னையிலே ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டுப் பாருங்கள். வயதில் மூத்தவர் எவரேனும் அருகில் இருந்தால், "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்பார். 1782ஆம் ஆண்டு, போரும் அதன் பின்னே வந்த பஞ்சமும் நாட்டுப்புறத்து மக்களைச் சென்னைக் கோட்டையை நோக்கித் துரத்தின. பசித்து வந்தோர்க்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழியிலே வளர்ந்தது அம்மருத்துவமனை. 1938இல் மருத்துவக் கல்லூரி வந்தது. ஆளுநராய் இருந்த ஸ்டான்லியின் பெயரும் வந்தது. ஆயினும் மக்கள் நாவிலே கவர்னர் நிற்கவில்லை, கஞ்சி நின்றது!

ஏன் நின்றது? நோயுற்றவனுக்கு மருந்து மட்டும் போதாது, கஞ்சியும் வேண்டும். கஞ்சி மட்டும் போதாது, அதை ஊட்ட ஒரு கையும் வேண்டும் என்பதைப் பஞ்சம் கண்ட மக்கள் அறிந்திருந்தனர். அந்த மூன்றாவது பொருளை, அந்தக் கையை, நம் காலத்துத் திட்டக்காரர்கள் மறந்துவிட்டனர்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கற்பனைக் குடும்பந்தான், ஆனால் இராயபுரம் முதல் எண்ணூர் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் அதன் உறவினரைக் காணலாம். தந்தை துறைமுகத்திலே மூட்டை சுமந்தவர். மகன் மணலியிலே ஒப்பந்தக் கூலி. மருமகள் துணி தைக்கும் ஆலைக்குப் போகிறவள். ஐம்பத்தெட்டாம் வயதில் ஒரு விடியற்காலை தந்தையைப் பக்கவாதம் வீழ்த்துகிறது. ஸ்டான்லிக்குத் தூக்கிச் செல்கின்றனர். காசு கேளாமல் ஊசி போடுகின்றனர், படம் எடுக்கின்றனர், உயிரை மீட்டுத் தருகின்றனர். இதை ஒளிக்கத் தேவையில்லை. ஏழைக்கு இப்படியொரு வாசல் திறந்திருப்பது இந்நாட்டின் பெருமை.

பதினைந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அன்றுதான் துயரம் தொடங்குகிறது! மூக்கிலே குழாய், அதன் வழியே கஞ்சி. சிறுநீருக்கு இன்னொரு குழாய். படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். சரியான அறிவுரை. இரண்டு மணிக்கொருமுறை என்றால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை. பன்னிரண்டு முறை புரட்டுகிறவள் வேலைக்குப் போவது எப்போது? உறங்குவதுதான் எப்போது? மருமகள் வேலையை விடுகிறாள். வருமானம் இரண்டில் ஒன்று போயிற்று. செலவு ஒன்றுக்கு இரண்டாயிற்று. டயப்பர், பஞ்சு, களிம்பு, உடற்பயிற்சி மருத்துவரிடம் போய்வர ஆட்டோ. காதிலிருந்த கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. அடுத்து மீட்டர் வட்டிக்காரன் வாசலுக்கு வருகிறான். கொடு வட்டிக்குத் தடை போட்டு 2003இல் சட்டம் இயற்றினோம். சட்டம் ஏட்டிலே, வட்டி வீட்டிலே!

கடைசியில், மூக்கிலே குழாயோடு கிடக்கும் தந்தையைப் படம் பிடித்து, வாட்ஸ்அப்பிலே தெரிந்தவர் தெரியாதவர் அனைவருக்கும் அனுப்புகிறான் மகன். "இயன்றதைத் தாருங்கள்." வீதியிலே கையேந்தினால் பிச்சை என்போம், கைப்பேசியிலே ஏந்தினால் நிதி திரட்டல் என்கிறோம். மாறியது திருவோடு மட்டுந்தான்.

இங்கே நால்வர் குறுக்கிடுவர்.

முதல்வர் வைதீகர். "முற்பிறவியில் செய்த வினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்பார். வினையா? 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகம் முழுதும் எண்ணெய் படர்ந்ததே, அது எந்தப் பிறவியின் வினை? அதே மாதம் 26ஆம் நாள் இரவில், பெரியகுப்பத்தருகே அமோனியா கசிந்து, மூச்சுத் திணறி மக்கள் மருத்துவமனைக்கு ஓடினரே, ஒரே ஊர் மக்கள் அனைவரும் முற்பிறவியில் கூடிப் பேசியா பாவம் செய்தார்கள்? குருதி அழுத்தத்தை அளந்து பார்க்க ஓய்வில்லாமல் முப்பதாண்டு சுமை தூக்கியவனின் மூளை நரம்பு அடைபட்டால், அதற்குக் காரணம் ஓலைச் சுவடியில் இல்லை. அவனுடைய வேலை நேரத்தில் இருக்கிறது.

இரண்டாமவர் வள்ளல். அவரை நாம் பழிக்கவில்லை. அவர் தரும் ஐந்நூறு ரூபாயில் அன்றைய மருந்து வரும். ஆனால் முகம் பார்த்து வரும் பணம் அது. பச்சிளங்குழந்தையின் படத்துக்குக் கண்ணீர் விடும் உலகம், பல் விழுந்த கிழவனின் படத்தைத் தள்ளிவிட்டுப் போகிறது. அதுவன்றிப் பக்கவாதம் ஒரு நாள் நோயன்று. ஓராண்டு, ஈராண்டு, சில வீடுகளில் பத்தாண்டு. எந்த வள்ளல் பத்தாண்டு கொடுப்பார்?

மூன்றாமவர் கணக்கர். "காப்பீடு இருக்கிறதே!" என்பார். இருக்கிறது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் பிறந்தது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருமாறியது. 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்தது. ஐந்து இலட்சம் வரை உயர்ந்தது. எத்தனையோ இதயங்களை அது ஓட வைத்தது. ஆனால் அட்டை யாருக்கு? ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்றிருந்த எல்லையை 2022இல் 1,20,000 ஆக்கினர். நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி, மாதம் இருபத்தாறு நாள் வேலை என்று வையுங்கள். ஆண்டுக்கு 1,56,000. நம் ஒப்பந்தக் கூலி, கணக்கின்படி, செல்வர்! எழுபது வயது கடந்தவர்க்கு வருமானம் பாராமல் காப்பீடு என்று 2024இல் ஒன்றிய அரசு அறிவித்தது. ஐம்பத்தெட்டில் விழுந்தவர் பன்னிரண்டு ஆண்டு பொறுத்துக் கொள்ள வேண்டும் போலும்.

அட்டை கிடைத்தாலும் அது அறுவைக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும்தான். கத்திக்குப் பணமுண்டு, கஞ்சிக்கு இல்லை. வீட்டுப் படுக்கைக்கு இல்லை. வேலையை விட்ட மருமகளின் கூலிக்கு இல்லவே இல்லை.

அந்த அட்டைக்காக வரிசையில் நிற்கும் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பெயர் என்ன தெரியுமா? சிங்காரவேலர் மாளிகை! மீனவர் குடியிலே பிறந்து, 1923இல் இந்நாட்டின் முதல் மே நாளைச் சென்னைக் கடற்கரையிலே கொண்டாடியவர் பெயர் தாங்கிய மாளிகை. காசிமேட்டு மீனவர், தாம் எவ்வளவு ஏழை என்று மெய்ப்பிக்க, அங்கே சான்றிதழ்க் கட்டோடு நிற்கிறார்.

நான்காமவர் நீதிமான். இவர்தான் ஆபத்தானவர், ஏனெனில் பாதி உண்மை பேசுகிறார். "பெற்றவரைப் பேணுவது பிள்ளையின் கடமையன்றோ? அதற்கும் அரசா?" என்பார். தாய் தந்தையரே தெய்வம் என்று வகுப்பறையிலே பாடம் நடத்துகிறவன் நான். அந்தப் பாடத்தை என் வகுப்பு மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு செயலில் காட்டினாள். மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. வீடு தேடிப் போய்க் கேட்டேன். பகலிலே தாத்தாவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. குழாயை எந்த உயரத்தில் பிடித்தால் கஞ்சி மெல்ல இறங்கும், இருமல் வந்தால் எப்படி நிறுத்த வேண்டும் என்று எனக்கு விளக்கினாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை! கடமை தவறியவர் அந்த வீட்டில் எவருமில்லை. கடமையைச் செய்ததற்குத்தான் அவர்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

2007இல் சட்டமொன்று வந்தது. கைவிட்ட பிள்ளைகளிடமிருந்து பெற்றோர் மாதம் 10,000 ரூபாய் வரை வாழ்க்கைப்படி கேட்டுப் பெறலாம். வேண்டிய சட்டந்தான். பிள்ளையைக் கூண்டில் ஏற்ற வழியுண்டு. அந்தத் தந்தையின் முப்பதாண்டு உழைப்பை உண்டு கொழுத்தவரை எந்தக் கூண்டில் ஏற்றுவது? ஒப்பந்தக்காரர் மாறினார், நிறுவனம் பெயர் மாறியது, கிடங்கு கைமாறியது. மாறாமல் இருந்தது அவருடைய முதுகு ஒன்றே.

வேல்ஸ் நாட்டின் திரெடகார் என்னும் சுரங்க ஊரிலே, டேவிட் பெவன் என்ற சுரங்கத் தொழிலாளி நிலக்கரித் தூசு நுரையீரலில் நிறைந்து 1925இல் மாண்டார். அது தொழில்நோய்ப் பட்டியலில் இல்லையென்று ஈட்டுத்தொகை ஒரு காசும் வரவில்லை. தந்தையின் உயிர் பிரிந்தது மகன் அனூரின் பெவனின் கைகளிலே. அந்த ஊர்த் தொழிலாளர் கூலியிலிருந்து சில்லறை சேர்த்துத் தமக்கென ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தி வந்தனர். 1945இல் மகன் பிரிட்டனின் சுகாதார அமைச்சரானார்; 1948 ஜூலை 5ஆம் நாள், நாடு முழுமைக்கும் கட்டணமில்லா மருத்துவம் தொடங்கியது. ஒரு சுரங்க ஊரின் சங்கம் ஒரு நாட்டின் சட்டமாயிற்று!

நம்மவர் மட்டும் சிந்திக்காமலா இருந்தார்கள்? நம் டாக்டர் ஏ.இலட்சுமணசுவாமி முதலியாரும் உறுப்பினராய் இருந்த போர் குழு, பணம் கொடுக்க இயலாமை காரணமாக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்று 1946இலேயே எழுதி வைத்தது. 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. நல்ல சட்டம், தொழிலாளியைச் சார்ந்து வாழும் பெற்றோர்க்கும் அதில் மருத்துவம் உண்டு. ஒப்பந்தக்காரர் பெயரைப் பதிந்தால் உண்டு! பதிந்தாலும், தந்தையைப் பார்க்க வீட்டில் தங்கிய நாளுக்கு அதில் ஒரு காசு இல்லை. 2021–22ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்குப்படி, இந்நாட்டில் நலவாழ்வுக்குச் செலவான ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 39 ரூபாய்க்கு மேல் மக்கள் தம் மடியிலிருந்து எடுத்தது. மருமகள் இழந்த கூலி அந்த 39இல் சேரவில்லை.

"கையின் கூலியை எந்த அரசால் கொடுக்க முடியும்?" என்று கணக்கர் மீண்டும் எழுந்து கேட்பார். ஜெர்மனி 1995 முதல் கொடுக்கிறது. பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு, முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து செலுத்துவது. வீட்டிலேயே பேணுவோர்க்குப் பணமும் உண்டு. அது செல்வ நாடு என்பீரோ? பக்கத்திலே கேரளம். கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் தொடங்கிய வலி தணிப்புப் பணி, 2008இல் மாநிலக் கொள்கையாகி ஊராட்சி தோறும் போயிற்று. படுத்த படுக்கையானவரைப் பேணுவோர்க்கு ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் என்றும் ஒரு திட்டம் கண்டனர். 600 ரூபாய் ஒரு வாரத்து டயப்பருக்கும் போதாது. நான் அதைப் போற்ற வரவில்லை. பேணுவதும் ஒரு வேலை, அதற்கும் கூலி உண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டதே, அந்த ஒப்புதல்தான் நமக்கு வேண்டும்.

நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. செவிலியரும் உடற்பயிற்சி மருத்துவரும் வீட்டு வாசலேறி வருகின்றனர். கஞ்சித் தொட்டியின் உண்மையான வாரிசு அது. ஆனால் வந்தவர் ஒரு மணி நேரத்தில் அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும். எஞ்சிய இருபத்து மூன்று மணி நேரம் யாருடையது? அதற்குத்தான் கூலி கேட்கிறோம். குறைந்தபட்சக் கூலியை அளவுகோலாகக் கொண்டு கேட்கிறோம். துறைமுகமும் அனல் மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலைகளும் இந்த மண்ணில் சரக்கையும் சாம்பலையும் இறக்குகின்றன; இ.எஸ்.ஐ. போல் அவற்றிடம் ஒரு பங்கு பெற்று அந்தக் கூலியைக் கொடுக்கலாம் என்கிறோம். வருமானச் சான்று கேட்காதீர்கள். படுக்கையைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

கேட்பதற்குக் கணக்கு வேண்டும், தோழர்களே! எந்தத் தெருவில் எத்தனை பேர் படுக்கையில் என்று நம்மிடமே ஏடு இல்லை. படிப்பகம் தோறும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். ஞாயிறு காலை இருவர் இருவராகப் போவோம். பெயர் வேண்டாம், சாதி வேண்டாம். எத்தனை நாளாய்ப் படுக்கை, பேணுவது யார், அவர் விட்ட வேலை என்ன, வாங்கிய கடன் எவ்வளவு என்ற நான்கு கேள்விகள் போதும். எங்கள் படிப்பகம் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே கடலோரத் தெருக்களை எடுத்துக்கொள்கிறது. மேற்கே வருவோர் யார்?